வழவழப்பின் வேதியியல்: புற ஊதா ஒளியில் இறுகும் மரப்பூச்சுக்குச் சேர்க்கைப்பொருள் தேர்தல்



இலக்கணமும் இலக்கியமும் பேசிய அறிஞர்கள் நின்ற மேடையில் பூச்சு வேதியியல் பேச ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். அழைப்பு வந்தபோது, 'மொழி மன்றத்தில் வார்னிஷைப் பற்றி என்ன பேசுவது?' என்று தயங்கினேன். பின்னர், என் தொழில் வாழ்வில் நான் செய்த பெரும்பிழை ஒன்று, ஒரு சொல்லைத் தவறாகப் பொருள்கொண்டதால் நேர்ந்தது என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜொகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரம் நம் நாட்டு மர அறைகலன் தொழிலுக்குப் பெயர்பெற்றது என்பதை அறிவீர்கள். அங்கே மிகுதியாகப் பயன்படுவது ரப்பர் மரம். 1877-இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 நாற்றுகளோடு இவ்வட்டாரத்தில் காலூன்றிய மரம். நம் முன்னோர் விடியலுக்கு முன் எழுந்து பால் வெட்டிய மரம். 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்தபின் அதை வெட்டி விறகாக எரித்த காலம் ஒன்று இருந்தது. இன்று வெட்டிய மரத்தைப் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தி, துண்டுகளை ஒட்டிச் சேர்த்துச் சாப்பாட்டு மேசையாக்குகிறார்கள். அந்த மேசைப் பலகையின் மேற்பூச்சுதான் என் வேலை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையிலிருந்து எனக்கு ஒரு முறையீடு வந்தது. பூச்சுப் பிரிவின் மேற்பார்வையாளர் மலாய்க்காரர், அனுபவம் மிக்கவர். அவர் சொன்னது இரண்டே சொல்: 'தாக் லிச்சின்.' 'லிச்சின்' என்றால் வழவழப்பு. ஆகவே பூச்சில் வழவழப்பு இல்லை என்று நான் பொருள்கொண்டேன். பரப்பை வழுக்கச் செய்யும் சிலிக்கோன் சேர்க்கைப்பொருள் ஒன்றை எடுத்து, 0.6 விழுக்காடு கலக்கச் சொன்னேன். மறுநாள் பலகையின்மேல் கை வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

ஒரு வாரம் கழித்து மூன்று செய்திகள் சேர்ந்து வந்தன. முதலாவது, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பலகையின் மேல் நீளவாட்டில் ஓடிய மெல்லிய வரிகள் அப்படியே இருந்தன. இரண்டாவது, முதற்பூச்சின்மேல் போட்ட இரண்டாம் பூச்சு ஒட்டவில்லை. கத்தியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கோடு கீறி, 25 கட்டங்களாக்கி, ஒட்டுநாடாவை அழுத்திப் பிய்த்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். நாடாவோடு பெரும்பாலான கட்டங்கள் வந்துவிட்டன. மூன்றாவதுதான் கொடுமை. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். கீழ்ப்பலகையின் மேற்புறத்துச் சிலிக்கோன் மேற்பலகையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, அந்த அடிப்புறத்திலும் பூச்சு நிற்க மறுத்தது. பூச்சு உருளையையும் குழாயையும் கழுவித் தூய்மையாக்கி முடிக்கும்வரை, என்னுடைய கலவைக்குத் தொடர்பே இல்லாத வேறு பூச்சுகளிலும் குழிகள் விழுந்தன.

மேற்பார்வையாளர் என்மேல் கோபப்படவில்லை. ஒரு பலகையை எடுத்துச் சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்து, அந்த வரிகளைக் காட்டினார். அவர் முறையிட்டது கண்ணுக்குத் தெரிந்த வரிகளைப் பற்றி. நான் மருந்து கொடுத்தது கையின் உணர்ச்சிக்கு. மலாய்ச் சொல்லான 'லிச்சின்' சமமான பரப்பையும் குறிக்கும், வழுக்கும் தரையையும் குறிக்கும். மலாய் மொழியைக் குறைசொல்ல நான் இங்கு வரவில்லை. நம் 'வழவழப்பு' என்ற சொல்லும் அவ்வாறே இரண்டு பொருளையும் சுமக்கிறது. நம் பாடநூல் மொழிபெயர்ப்புகளில் இன்னும் ஒருபடி மேலே போய், இதே பண்பை 'மென்மை' என்று எழுதிவிடுகிறோம். கண்ணாடி வழவழப்பானது, அது மென்மையானதா?

சரி, அந்த வரிகள் எங்கிருந்து வந்தன? அதற்கு இப்பூச்சின் இயல்பை முதலில் சொல்ல வேண்டும்.

பழைய வார்னிஷில் பிசினைக் கரைப்பானில் கரைத்திருப்பார்கள். பூசியபின் கரைப்பான் ஆவியாகும். பிசின் படலமாகத் தங்கும். புற ஊதா ஒளியில் இறுகும் பூச்சு அப்படிப்பட்டதன்று. அதில் கரைப்பான் பெரும்பாலும் இருப்பதே இல்லை. அக்ரிலேட் என்னும் இரட்டைப் பிணைப்புகளைக் கொண்ட நீண்ட மூலக்கூறுகள், அவற்றை நீர்க்கச் செய்யும் சிறிய அக்ரிலேட் மூலக்கூறுகள், ஒளிபட்டவுடன் உடைந்து வினையைத் தொடங்கிவைக்கும் ஒளித்தொடக்கி, இவற்றோடு சிறிதளவு சேர்க்கைப்பொருள்கள். விளக்கின் அடியில் பலகை நுழையும்போது, ஒளித்தொடக்கி உடைந்து தனி உறுப்புகளைத் தருகிறது. அவை இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி ஒன்றோடொன்று கோத்துவிடுகின்றன. ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் திரவம் திண்மமாகிவிடுகிறது. ஆவியாகும் பொருள் இல்லாததால் காற்று கெடுவதில்லை. சில விநாடிகளில் பலகையை அடுக்கிவைக்கலாம். ஆனால் இதே வேகம்தான் வழவழப்பின் எதிரி. பூச்சு எந்த வடிவத்தில் விளக்கை அடைகிறதோ, அந்த வடிவத்திலேயே உறைந்துவிடுகிறது.

பூச்சைப் பலகைமேல் தடவுவது ரப்பர் உறையிட்ட உருளை. உருளையும் பலகையும் பிரியும் இடத்தில் திரவம் இரண்டு பக்கமும் இழுபட்டு, சீப்பால் வாரியதுபோல் வரிவரியாகப் பிரிகிறது. இதை எந்தச் சேர்க்கைப்பொருளாலும் முற்றிலும் தடுக்க முடியாது. வரி விழுந்தபின் அது அடங்கிச் சமமாவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம்? 1962-இல் ஆர்ச்சர்டு என்பவர் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். மாணவர்கள் இருப்பதால் அதன் உள்ளடக்கத்தை மட்டும் சொல்கிறேன். வரியின் உயரம் அடங்க ஆகும் நேரம், திரவத்தின் பாகுத்தன்மைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பரப்பு இழுவிசைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். பூச்சின் தடிப்பின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளியின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

மூன்றாம் படி, நான்காம் படி என்பவை எவ்வளவு கடுமையானவை என்பதை எண்களில் பார்ப்போம். பூச்சின் தடிப்பு 20 மைக்ரான் என்று கொள்வோம்; பாகுத்தன்மை நீரைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு; பரப்பு இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன்; வரிகளின் இடைவெளி 1 மில்லிமீட்டர். சமன்பாட்டில் இட்டால், 4 விநாடிகளில் வரியின் உயரம் மூன்றில் ஒரு பங்கைச் சற்று ஒட்டி நிற்கும் அளவுக்குக் குறையும். 12 விநாடிகளில் இருபதில் ஒரு பங்காகும். இப்போது தடிப்பைப் பாதியாக்கி 10 மைக்ரான் ஆக்குங்கள். 4 விநாடி, 32 விநாடி ஆகிவிடும். தடிப்பை 20 மைக்ரானிலேயே வைத்து வரிகளின் இடைவெளியை 2 மில்லிமீட்டர் ஆக்கினால் 64 விநாடி. என்னை அழைத்த தொழிற்சாலையில் பலகை ஓடிய வேகம் நிமிடத்துக்கு 15 மீட்டர். உருளைக்கும் விளக்குக்கும் இடையே தூரம் 1 மீட்டர். அதாவது பூச்சுக்குக் கிடைத்தது 4 விநாடிகள்தாம். வரிகள் அடங்காததில் வியப்பு ஏது?

இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள். வரியை இழுத்துச் சமமாக்குவது பரப்பு இழுவிசை. சந்தையில் 'சமன்படுத்தி' என்ற பெயரில் விற்கப்படும் சேர்க்கைப்பொருள்களில் பல, பரப்பு இழுவிசையைக் குறைப்பவை. 30-ஐ 24 ஆக்கினால், சமன்பாட்டின்படி, வரி அடங்க ஆகும் நேரம் கால்பங்கு கூடுகிறது! நான் கலந்த சிலிக்கோன் வரிகளுக்கு உதவவில்லை என்பது மட்டுமன்று. அவற்றைச் சற்று நிலைக்கவும் வைத்தது. அப்படியானால் இந்தப் பொருள்களை ஏன் சேர்க்கிறார்கள்? அவை செய்யும் வேலை வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு சமையலறைக்குப் போக வேண்டும்.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் போக்கல்ஸ் என்ற பெண்மணி இருந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலம். நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர், பாத்திரம் கழுவும் நீரின் பரப்பில் எண்ணெயும் சவர்க்காரமும் செய்யும் மாற்றங்களைக் கூர்ந்து நோக்கினார். நீர்த்தொட்டி ஒன்றையும் தகட்டுத் துண்டு ஒன்றையும் கொண்டு, பரப்பு இழுவிசையை அளக்கும் கருவியைத் தாமே அமைத்தார். 1891 சனவரியில் தம் முடிவுகளை இங்கிலாந்தின் இயற்பியல் அறிஞர் ராலே பிரபுவுக்குத் தம் தாய்மொழியான ஜெர்மனில் கடிதமாக எழுதினார். ராலேயின் துணைவியார் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ராலே அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். அவ்வாண்டு மார்ச்சில் அது அச்சேறியது. இந்த அவையில் இச்செய்தியைச் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே இதைக் காட்டலாம். தட்டில் நீர் ஊற்றி மிளகுத்தூளை மெல்லத் தூவுங்கள். விரல்நுனியில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தொட்டு நடுவில் வையுங்கள். தூள் ஓரத்துக்கு ஓடிவிடும். சவர்க்காரம் பட்ட நடுவிடத்தில் பரப்பு இழுவிசை குறைந்தது. சுற்றிலும் உள்ள நீர் அதைவிட வலுவாக இழுத்தது. பரப்பு வெளிப்புறமாகப் பாய்ந்தது. இழுவிசை குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடம் நோக்கித் திரவம் ஓடும் இந்த ஓட்டத்துக்கு, 1865-இல் இதைப் பற்றி ஆய்வேடு எழுதிய இத்தாலியர் கார்லோ மாரங்கோனியின் பெயரால் மாரங்கோனி ஓட்டம் என்று பெயர்.

தொழிற்சாலையில் இதே காட்சி துயரமாக நடக்கிறது. ஈரப்பூச்சின்மேல் இயந்திர எண்ணெயின் ஒரு துளி, சங்கிலிக்கு அடித்த சிலிக்கோன் தெளிப்பின் ஒரு திவலை, தொழிலாளி தலையில் தடவிய எண்ணெயின் ஓர் அணு விழுந்தால் போதும். அவ்விடத்தில் இழுவிசை குறையும். பூச்சு நாலாபுறமும் விலகி ஓடும். நடுவில் மீன்கண்போல் ஒரு குழி தோன்றும். அடுத்த கணம் விளக்கு அதை நிலைப்படுத்திவிடும். சேர்க்கைப்பொருளின் உண்மையான வேலை இங்கேதான். அது பரப்பு முழுவதிலும் பரவி, எண்ணெய்த் துளியின் இழுவிசைக்கு அருகே முழுப்பரப்பின் இழுவிசையையும் கொண்டுவந்துவிடுகிறது. வேறுபாடு அற்றுப்போனால் ஓட்டமும் அற்றுப்போகும். சுருங்கச் சொன்னால், வரி என்பது நேரம் போதாமையின் குறை. குழி என்பது இழுவிசை வேறுபாட்டின் குறை. முன்னதற்கு நேரமும் சூடும் மருந்து; பின்னதற்குச் சேர்க்கைப்பொருள் மருந்து.

அந்த மருந்துகள் எவை? முதலில் சொல்ல வேண்டியது பாலியக்ரிலேட் வகை. இதில் சிலிக்கோன் இல்லை. இழுவிசையை அது பெரிதாகக் குறைப்பதில்லை. பரப்புக்கு வந்து நின்று, இடத்துக்கு இடம் உள்ள சிறு வேறுபாடுகளை ஒத்துப்போகச் செய்கிறது. பரப்பை வழுக்கச் செய்யாது. மறுபூச்சு ஒட்டுவதையும் பொதுவாகக் கெடுக்காது. பயன்படுத்தும் அளவு 0.1 முதல் 1 விழுக்காடு வரை. புதிதாக ஒரு கலவையை அமைக்கும்போது என் கை முதலில் போவது இப்போது இதன் பக்கம்தான். இதன் குறை, கொழுப்பும் எண்ணெயும் படிந்த கடுமையான மாசுக்கு இதன் வலிமை போதாது.

அடுத்தது சிலிக்கோன் வகை. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி இது. கலப்பற்ற சிலிக்கோன் எண்ணெயின் இழுவிசை மீட்டருக்கு 20 மில்லிநியூட்டன் அளவில். அக்ரிலேட்டுகளுக்கு 30-க்கு மேல். இவ்வளவு வேறுபாடு இருப்பதால் அதை அப்படியே ஊற்றினால், ரசத்தின்மேல் நெய் மிதப்பதுபோல் துளித்துளியாகப் பிரிந்து, அதுவே குழிகளை உண்டாக்கும். ஆகவே சங்கிலியின் பக்கங்களில் பாலியீதர் கிளைகளைப் பொருத்துகிறார்கள். கிளைகள் மிகுந்தால் அது பூச்சில் முழுதும் கரைந்து உள்ளேயே தங்கிவிடும், பயனில்லை. கிளைகள் குறைந்தால் பிரிந்து மிதக்கும், கேடு. முழுதும் கரையாமலும் முழுதும் பிரியாமலும் இருக்கும் நடுநிலைதான் தயாரிப்பாளரின் திறமை. அந்த நடுநிலை ஒவ்வொரு பூச்சுக்கும் வேறு என்பதால், ஒருவருக்கு அருமருந்தானது இன்னொருவருக்கு நஞ்சாகிறது. கரைப்பான் வார்னிஷில் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு பரப்புக்கு வந்து சேர்ந்த பொருள், புற ஊதாப் பூச்சில் சில விநாடிகளுக்குள் வந்துசேர முடியாமல் பாதிவழியில் சிக்குவதும் உண்டு. ஆகவே பழைய வார்னிஷ் அனுபவத்தைக் கொண்டு இங்கே தேர்வு செய்வது ஆபத்து.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பை ஒரு நானோமீட்டர் தடிப்பில் மூட ஏறத்தாழ 1 மில்லிகிராம் சிலிக்கோன் போதும். அதே ஒரு சதுர மீட்டருக்கு நாங்கள் பூசுவது 20 கிராம் பூச்சு. அதில் 0.1 விழுக்காடு என்றாலே 20 மில்லிகிராம். பரப்பை மூடத் தேவையானதைப்போல் பல மடங்கு. நான் கலந்ததோ 0.6 விழுக்காடு, அதாவது 120 மில்லிகிராம்! எஞ்சியதெல்லாம் என்ன செய்தது? நுரையைத் தாங்கி நிறுத்தியது, பலகையிலிருந்து பலகைக்குத் தாவியது, உருளையில் படிந்தது. 20 கிலோ வாளி ஒன்றுக்கு 0.1 விழுக்காடு என்பது 20 கிராம், நான்கு தேக்கரண்டி. இந்தத் துறையில் பெரும்பிழைகள் தேக்கரண்டியால்தான் செய்யப்படுகின்றன.

தாவுவதைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். பிணைப்பில் சேராத எந்தப் பொருளும் இறுகிய படலத்தில் குடியிருப்பவன் அல்லன், வழிப்போக்கனே. 2005-இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஒளித்தொடக்கி ஒன்று கண்டறியப்பட்டு, பால் பெட்டிகள் கைப்பற்றப்பட்டன. பெட்டியின் வெளிப்புறத்தில் புற ஊதா மையால் அச்சிட்டிருந்தார்கள். அட்டையைச் சுருளாகச் சுற்றியபோது வெளிப்புறம் உட்புறத்தோடு ஒட்டியது. மையில் எஞ்சிய பொருள் அந்த வழியாகப் பாலுக்குப் போனது. மூவாரில் என் பலகை அடுக்கில் நடந்ததும் இதே நிகழ்ச்சிதான். மேசையை யாரும் குடிப்பதில்லை என்பதால் எனக்குச் சற்று ஆறுதல்.

இக்குறையை நீக்கவே, சிலிக்கோன் சங்கிலியில் அக்ரிலேட் இரட்டைப் பிணைப்புகளைப் பொருத்திய வினைபுரியும் சிலிக்கோன்கள் வந்தன. விளக்கின் அடியில் இவையும் மற்ற மூலக்கூறுகளோடு கோத்துக்கொள்கின்றன. பின்னர் எங்கும் போவதில்லை. துடைத்தாலும் வழுக்கும் தன்மை நீடிக்கிறது. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எங்கும் போகாமல் அங்கேயே நிற்பதால், அடுத்த பூச்சு ஒட்டுவதற்கு அது நிரந்தரத் தடை. இரண்டாம் பூச்சு வரவிருக்கும் எந்த அடுக்கிலும் இதைச் சேர்க்கக்கூடாது. இதன் இடம் கடைசிப் பூச்சு மட்டுமே. 'வினைபுரியும் வகை என்பதால் மறுபூச்சுக்குப் பாதுகாப்பு' என்று விற்பனையாளர் சொன்னால், கட்டம் கீறிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

புளோரின் கொண்ட பொருள்கள் இழுவிசையை இவற்றைவிடவும் குறைப்பவை. எதிலும் பரவாத பரப்பிலும் பூச்சைப் பரவச் செய்தன. ஆனால் அவை இயற்கையில் சிதைவதில்லை. அக்குடும்பத்தின் இரண்டு முக்கியப் பொருள்கள் 2009-இலும் 2019-இலும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன. மேசைப் பலகைக்கு அவை தேவையே இல்லை என்பது என் கருத்து. மெழுகுப் பொடிகள் கீறலைத் தாங்க உதவும்; சமன்படுதலுக்கு அவற்றுக்கும் தொடர்பில்லை. நுரையடக்கிகளைப் பற்றி ஒரே எச்சரிக்கை: பூச்சோடு கலவாமையே அவற்றின் வலிமை என்பதால், அளவு மிஞ்சினால் அவையே குழிகளை உண்டாக்கும். நுரைக்கு நுரையடக்கி, அதனால் வந்த குழிக்குச் சிலிக்கோன், சிலிக்கோனால் வந்த நுரைக்கு மேலும் நுரையடக்கி என்று ஒரு வட்டத்தில் சிக்கிய கலவைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்போது செய்யத்தக்கது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சேர்க்கைப்பொருளே இல்லாத கலவையிலிருந்து மீண்டும் தொடங்குவதுதான்.

'லிச்சின் இல்லை' என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கக்கூடும் என்பதைப் பின்னர் கற்றுக்கொண்டேன். பூச்சின் உட்பகுதி நன்றாக இறுகியிருக்கும். மேற்பரப்பு மட்டும் பிசுபிசுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன், வினையை நடத்தும் தனி உறுப்புகளைப் பரப்பிலேயே பிடித்துச் செயலற்றதாக்கிவிடுவதே காரணம். விரல் தடைபடுவதால் 'வழவழப்பு இல்லை' என்று சொல்வார்கள். இதற்குச் சிலிக்கோன் ஊற்றினால் பிசுபிசுப்பு மறைந்ததுபோல் தோன்றும். இறுகாத பரப்பு இறுகாமலேயே இருக்கும். ஒரு மாதத்தில் மேசையில் வைத்த தட்டு ஒட்டிக்கொள்ளும். இங்கே வேண்டுவது வேறு: விளக்கின் வலிமையைக் கூட்டுதல், ஹைட்ரஜன் கொடுக்கும் அமீன் சேர்மங்களைக் கலத்தல், அல்லது விளக்கின் அடியில் காற்றை அகற்றி நைட்ரஜனை நிரப்புதல். கட்டைவிரலை அழுத்தித் திருப்பிப் பாருங்கள். ரேகை பதிந்தால் இது இறுகலின் குறை. சேர்க்கைப்பொருள் அலமாரியைத் திறக்க வேண்டியதே இல்லை.

ஆகவே இப்போது நான் முறையீட்டைக் கேட்கும்போது நான்கு தமிழ்ச் சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். சமன்படுதல், பரவல், வழுக்கல், இறுகல். சாய்ந்த ஒளியில் வரியோ ஆரஞ்சுத் தோல்போன்ற மேடுபள்ளமோ தெரிந்தால் அது சமன்படுதலின் குறை. குழி விழுந்தாலோ, ஓரத்திலிருந்து பூச்சு பின்வாங்கினாலோ பரவலின் குறை. எல்லாம் சரியாக இருந்து கை மட்டும் உராய்ந்தால் வழுக்கலின் குறை. ரேகை பதிந்தால் இறுகலின் குறை. இந்தச் சொற்களை நான் படைக்கவில்லை. எல்லாம் வீட்டில் பேசும் சொற்கள். 'வழவழப்பு' என்ற ஒரே குடைக்கீழ் இவற்றை நிறுத்தாமல், தனித்தனியே ஆளத் தொடங்கியதுதான் நான் செய்த மாற்றம். அறிவியல் பாடத்தில் கலைச்சொல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியலிடுவதற்கு முன், அந்தச் சொல் எந்த ஆய்வால் சோதிக்கப்படுகிறது என்பதை மாணவரிடம் கேளுங்கள். சோதனை வேறானால் சொல்லும் வேறாக இருக்க வேண்டும்.

அந்தத் தொழிற்சாலைக்கு மீண்டும் வருவோம். சிலிக்கோனை முதற்பூச்சிலிருந்து முற்றிலும் நீக்கினோம். பூச்சுத் தொட்டியை 40 பாகைக்குச் சூடாக்கினோம். இத்தகைய கலவைகளில் பலவற்றின் பாகுத்தன்மை அவ்வெப்பநிலையில் பாதிக்கும் கீழே இறங்கும். விளக்கைப் பின்னுக்கு நகர்த்தி, 1 மீட்டர் தூரத்தை 3 மீட்டராக்கினோம். 4 விநாடி, 12 விநாடி ஆனது. அகலமான வரிகளுக்கு இதுவும் போதவில்லை. உருளையின் அழுத்தத்தையும் சுழல்வேகத்தையும் மாற்றி, வரிகளை நெருக்கமாக விழச் செய்தோம். நெருங்கிய வரி விரைவில் அடங்கும் என்பது அந்த நான்காம் படி தந்த பரிசு. குழிகளைத் தடுக்கப் பாலியக்ரிலேட் 0.3 விழுக்காடு, கடைசிப் பூச்சில் மட்டும் வினைபுரியும் சிலிக்கோன் 0.1 விழுக்காடு. சங்கிலிக்குச் சிலிக்கோன் தெளிப்பதை நிறுத்தச் சொல்லி, அதற்கு வேறு எண்ணெய் மாற்றினோம். கெட்டுப்போன பலகைகளைத் தேய்த்துச் சுரண்டி மீட்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்கான கூலியில் ஒரு பகுதியை என் நிறுவனம் ஏற்றது. அத்தொகையை இந்த அவையில் சொல்ல எனக்கு இன்னும் துணிவில்லை.

பேச்சு முடிந்ததும் முன்வரிசைக்கு எதிரே உள்ள மேசைக்கு வாருங்கள். மூன்று ரப்பர் மரப் பலகைகளை வைத்திருக்கிறேன். ஒன்றில் சேர்க்கைப்பொருள் எதுவும் இல்லை. ஒன்றில் பாலியக்ரிலேட் மட்டும். மூன்றாவதில் அன்று நான் கலந்த அதே அளவு சிலிக்கோன். எது எது என்று எழுதிவைக்கவில்லை. முதலில் கையால் தொடாமல், சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிறகு தடவுங்கள். கடைசியாக, பக்கத்தில் உள்ள மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஒரு பலகையில் மட்டும் எழுத்து நிற்காமல் துளித்துளியாகச் சுருண்டுகொள்ளும். அந்தப் பலகையைத் தொட்ட கையால் மற்ற இரண்டையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.